24 கட்டில் வார்ட், இரவுக்கு ஒரு மிஸ்ஸி, ஒரு அட்டெண்டன்: ஆள் கேட்டு எழுதும் கடிதத்தில் எந்தக் கணக்கைக் காட்டுவது?

மேட்டுலயம் கேட்டது:

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பிரதேச வைத்தியசாலை. அங்கே 24 கட்டில் உள்ள ஒரு வார்ட் பெயருக்குத்தான் பொது வார்ட். உள்ளே இருப்பவர்கள் பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள், மறதி நோய்க்காரர்கள், தோட்ட லயத்தில் பார்க்க ஆளில்லாத வயதானவர்கள். வந்தால் மாதக்கணக்கில் இருக்கிறார்கள்.

இன்றைய நிலை: 10 பேர் தானாகப் புரள முடியாதவர்கள், அதில் 4 பேருக்கு மூக்கு டியூப்பில் சாப்பாடு. 8 பேர் கைபிடித்தால் நடப்பார்கள். மிச்சம் 6 பேர் தாங்களே சமாளிப்பார்கள். படுக்கைப் புண் இப்போது 4 பேருக்கு.

ஆட்கள்: காலை 7 முதல் 1 வரை இரண்டு மிஸ்ஸி (தாதி), இரண்டு அட்டெண்டன் (உதவியாளர்). 1 முதல் 7 வரை இரண்டு மிஸ்ஸி, ஒரு அட்டெண்டன். இரவு 7 முதல் காலை 7 வரை ஒரு மிஸ்ஸி, ஒரு அட்டெண்டன்.

வைத்தியசாலை அபிவிருத்திக் குழு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குக் கடிதம் எழுதப் போகிறது. வரைவில் இருப்பது "ஆளணிப் பற்றாக்குறையால் நோயாளர்கள் பெரும் அசௌகரியங்களுக்கு முகம் கொடுக்கின்றனர்" என்ற வழக்கமான வரிதான். எல்லா ஆஸ்பத்திரியும் இதையே எழுதுவதால் இதற்குப் பலன் இருக்காது. எத்தனை பேர், எந்த வேளைக்கு, என்ன கணக்கில் கேட்பது? ஆள் வரும்வரை என்ன செய்யலாம்? பார்க்க வரும் குடும்பத்தார் கையில் எந்த வேலையைக் கொடுக்கலாம்?

---

கணக்குப்பிள்ளை:

கட்டில் எண்ணிக்கையை வைத்துக் கேட்காதீங்க. "24 கட்டிலுக்கு ஒரு தாதி" என்றால் "நடக்கிற நோயாளிதானே" என்று பதில் வரும். வேலையை நிமிடத்தில் எண்ணிக் காட்டுங்க.

முதலில் மொத்த மணித்தியாலம். மிஸ்ஸிமார் ஒரு நாளைக்கு 12 + 12 + 12 = 36 மணித்தியாலம். 24 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1.5. அட்டெண்டன்மார் 12 + 6 + 12 = 30, ஆளுக்கு 1.25. கூட்டினால் 2.75 மணித்தியாலம். ஒப்பிட ஒரு எண் வேண்டுமென்றால் அமெரிக்க முதியோர் பராமரிப்பு நிலையங்களுக்கு 2024ல் கொண்டுவந்த விதி இருக்கு: நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.48 மணித்தியாலம், அதில் பதிவுபெற்ற தாதி 0.55, பராமரிப்பு உதவியாளர் 2.45. அந்த விதி 2025ல் நீதிமன்றத்தில் அடிபட்டுப் போச்சு. அதனால் "சர்வதேச நியமம்" என்று கடிதத்தில் எழுதி மாட்டிக்கொள்ளாதீங்க. அங்கே இருப்பவை இல்லங்கள், உங்களுடையது ஆஸ்பத்திரி, அதையும் கவனிக்கணும். இருந்தாலும் அந்த எண் ஒரு விஷயத்தைக் காட்டுது. உங்கள் வார்ட்டில் குறை மிஸ்ஸி மணித்தியாலத்தில் இல்லை, தூக்கிப் புரட்டித் துடைக்கிற கைகளில்தான்: 2.45க்கு 1.25, பாதிக்குப் பாதி. இந்த 1.25லும் இரத்த மாதிரி கொண்டு போறது, ஒட்சிசன் சிலிண்டர் உருட்டுறது, சமையலறையிலிருந்து சாப்பாட்டு வண்டி தள்ளுறது எல்லாம் கழியும்.

சராசரி இரவை மறைத்துவிடும். பகல் 12 மணித்தியாலத்தில் ஆளுக்கு 1.75, இரவு 12 மணித்தியாலத்தில் ஆளுக்கு 1. அந்த இரவைப் பிரித்துப் பார்ப்போம். நிமிடங்கள் என் மதிப்பீடு, நீங்க உங்கள் வார்ட்டில் அளந்து மாற்றணும்.

புரட்டுறது: 10 பேர், 7, 9, 11, 1, 3, 5 மணி என்று 6 சுற்று, தடவைக்கு 6 நிமிடம். 360 நிமிடம், இருவருமே வேண்டும். பாம்பர்ஸ், விரிப்பு மாற்றுறது: 10 பேர், 2 தடவை, 8 நிமிடம். 160 நிமிடம், இதுக்கும் இருவர். இரவுக் குளிசை 24 பேருக்கு 3 நிமிடப்படி 72. விடியற்காலை பிரஷர், சீனி, காய்ச்சல் பார்க்க 4 நிமிடப்படி 96. டியூப் சாப்பாடு 4 பேருக்கு இரண்டு தடவை, 15 நிமிடப்படி 120. பெட் டிக்கட் (நோயாளியின் பதிவுத் தாள்) எழுத 60. கடமை கைமாற்ற 30.

மிஸ்ஸி ஒருவருக்கு மட்டும் 898 நிமிடம். இரவில் இருப்பது 720. தேநீர் இல்லை, ஒருவருக்கும் மூச்சு முட்டவில்லை, யாரும் விழவில்லை என்று வைத்தாலும் 3 மணித்தியாலம் குறையுது. அந்த 3 மணித்தியால வேலை செய்யப்படாமல் போகும், ஆனால் "2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டப்பட்டது" என்று டிக்கட்டில் கையெழுத்து இருக்கும். மிஸ்ஸியைக் குறை சொல்லி வேலையில்லை, கணக்கே அப்படி.

இரவுக்கு இன்னொரு அட்டெண்டன் வந்தால் 520 நிமிடம் மிஸ்ஸி தலையிலிருந்து இறங்கும், 378 நிமிட வேலை மிஞ்சும். சுற்றிப் பார்க்க, யோசிக்க நேரம் கிடைக்கும். ஆகவே முதல் கோரிக்கை இரவு அட்டெண்டன். ஆனால் "ஒருவர்" என்று எழுதினால் வாரத்தில் மூன்று இரவுதான் ஆள் இருக்கும். 12 மணித்தியாலம் × 7 = 84. வாரம் 40 மணித்தியாலம் வேலை செய்பவர் என்றால் 84 ÷ 40 = 2.1. லீவு, சுகவீனம், பயிற்சி என்று ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் 2.1 ÷ 0.8, அதாவது 2.6. மூன்று ஆள் என்று எழுதுங்க, இந்த வகுத்தலையும் கடிதத்திலேயே காட்டுங்க.

இன்னொன்று. "அனுமதிக்கப்பட்ட ஆளணி", "நியமிக்கப்பட்டவர்", "இன்று கடமையில் உள்ளவர்" மூன்றையும் தனித்தனி நிரலில் போடுங்க. 2022 ஜூன் சுற்றறிக்கையின்படி ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போனவர்கள் கடதாசியில் இருப்பார்கள், வார்ட்டில் இருக்கமாட்டார்கள். ஆளணியே போதாது என்றால் அது திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் வரை போகிற விஷயம். வெற்றிடம் நிரப்பப்படவில்லை என்றால் அது வேறு கடிதம். இரண்டையும் கலந்து எழுதினால் இரண்டு மேசையும் "இது அங்கே" என்று தள்ளிவிடும்.

---

ஊவாக்காற்று:

கணக்கு சரி. கையில் இருக்கிற ஆட்களை வைத்து என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறேன்.

10 பேரையும் ஒரே மாதிரி 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டியதில்லை. 2013ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வு ஒன்று, அடர்த்தி கூடிய ஃபோம் மெத்தையில் படுத்தவர்களை 2, 3, 4 மணித்தியால இடைவெளியில் புரட்டிப் பார்த்தது. புண் வருவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் ஏற்கெனவே புண் இல்லாதவர்கள், மெத்தையும் நல்ல மெத்தை. உங்கள் வார்ட்டில் புண் உள்ள 4 பேரை 2 மணித்தியாலத்திலேயே வைத்து, மற்ற 6 பேருக்கு அந்த மெத்தை கிடைத்தால் 4 மணித்தியாலம் என்று வைத்தியரும் வார்ட்டுக்குப் பொறுப்பான சிஸ்டரும் தீர்மானிக்கலாம். 60 புரட்டல் 42 ஆகும், 108 நிமிடம் மிச்சம். ஒவ்வொரு தடவையும் தோலைப் பார்க்கணும், நிறம் மாறினால் அன்றைக்கே பழைய இடைவெளிக்குத் திரும்பணும். அப்படியும் 790 நிமிடம் நிற்கிறது. அதனால் மெத்தை கேட்கிறோம் என்று ஆள் கேட்பதை விட்டுவிடாதீர்கள்.

மெத்தை தேறுமா என்று பார்ப்பது சுலபம். நோயாளி படுத்திருக்கும்போது இடுப்புக்கு நேர் கீழே, மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை மேல்நோக்கி விடுங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது மெத்தை தடிப்பாக இல்லாவிட்டால் அது மெத்தை இல்லை, பலகைதான். ரெக்சின் உறை போட்டுப் பல வருடம் ஓடிய ஃபோம் நடுவில் குழிந்து இப்படித்தான் இருக்கும்.

புரட்டுவது என்றால் முழுக்கப் பக்கவாட்டில் நிமிர்த்துவது இல்லை. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 பாகை சரிவு போதும். முழுக்கச் சரித்தால் பாரம் முழுவதும் இடுப்பெலும்பு முனையில் இறங்கி அங்கே புதுப் புண் வரும். கெண்டைக்கால் நீளத்துக்குத் தலையணை வைத்துக் குதிகால் காற்றில் நிற்கணும். தண்ணீர் நிரப்பிய கையுறை, வளையத் தலையணை இரண்டையும் விட்டுவிடுங்கள். வளையம் சுற்றிலும் அழுத்தி நடுவில் இரத்தம் போகாமல் செய்யும். சிவந்த இடத்தை ஸ்பிரிட் போட்டுத் தேய்ப்பதும் இன்னும் நடக்கிறது, உள்ளே நசிந்த திசுவைக் கூடவே கிழிக்கிற வேலை அது.

"சிவப்பு" என்ற வார்த்தையிலேயே ஒரு சிக்கல். புத்தகப் படங்கள் வெள்ளைத் தோல். நம்மாட்களின் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. ஊதா படிந்ததா, சுற்றியுள்ள தோலைவிடச் சூடா, கெட்டியா, கொழகொழப்பா என்று புறங்கையால் தடவிப் பார்த்தால்தான் பிடிபடும். ஒரு பல்ப் எரியும் வார்ட்டில் இரவு 3 மணிக்கு டோர்ச் இல்லாமல் இது நடக்காது. டோர்ச் கேளுங்கள், மலிவான சாமான்.

அடுத்தது விரிப்பு. மலைநாட்டில் இதை ஆளணிக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்கணும். 10 பேருக்கு ஒரு நாளைக்கு மூன்று இடைவிரிப்பு என்றால் 30. ஒரே நாளில் காய்ந்தால் 60 இருந்தால் ஓட்டலாம். தென்மேல் பருவத்தில் தலவாக்கலை, ஹட்டன் பக்கம் மூன்று நாள் போட்டாலும் ஈரம் போகாது, அப்போது 120 வேண்டும். இல்லாவிட்டால் அரைகுறை ஈர விரிப்பைப் போடுவார்கள், தோல் ஊறி உரியும், குளிரும் ஏறும். உலர்த்தும் இயந்திரம் ஒன்று வந்தால் அது பாதி அட்டெண்டனுக்குச் சமம். குழு பணம் திரட்டுவதானால் சுவர்க் கடிகாரத்துக்கும் தொலைக்காட்சிக்கும் முன்னால் இதைப் பாருங்கள்.

குளிருக்குச் சுடுதண்ணீர் போத்தல் காலடியில் வைக்க விடாதீர்கள். சீனி வியாதிக்காரருக்கும் வாதம் அடித்த காலுக்கும் சூடு தெரியாது, விடிந்தால் கொப்புளம். காலுறையும் இரண்டு மெல்லிய கம்பளியும் போதும்.

---

மேட்டுலயம்:

ரொம்ப நன்றி. உலர்த்தும் இயந்திரத்தை யாரும் யோசிக்கவே இல்லை. இரவில் விழுவதும் நடக்குது, பெரும்பாலும் விடியப் பக்கம்.

---

ஊவாக்காற்று:

விடியற்காலை 4 முதல் 6 வரை மிஸ்ஸி பிரஷர் பார்த்துக்கொண்டும் டியூப் சாப்பாடு கொடுத்துக்கொண்டும் இருப்பார். அதே நேரம்தான் கைபிடித்தால் நடப்பவர்கள் ஒண்ணுக்குப் போக எழும்புவார்கள். மணி அடிக்க மாட்டார்கள், "மிஸ்ஸிக்கு ஏன் கரைச்சல்" என்று தாங்களே இறங்குவார்கள். அந்த 8 பேரையும் இரவு 9.30க்கும் காலை 4க்கும் கேட்காமலே கூட்டிப் போனால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். நீர் போகிற குளிசையின் இரண்டாவது வேளை மாலை 6க்கு எழுதியிருந்தால் அதைப் பிற்பகல் 2க்கு மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கட்டிலை இரவில் ஆகக் கீழே இறக்கி வையுங்கள். பக்கக் கம்பியைத் தூக்கிவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். மறதி நோய்க்காரர் அதன் மேல் ஏறி இன்னும் உயரத்திலிருந்து விழுவார்.

---

இருமொழி:

மேலே யாரும் தொடாத ஒன்று. வார்ட்டில் எத்தனை மிஸ்ஸி என்பதோடு, அதில் எத்தனை பேருக்கு நோயாளி சொல்வது விளங்குகிறது என்பதையும் எண்ண வேண்டும். தமிழ் தெரியாத மிஸ்ஸிமார் பெரும்பாலும் மனமுள்ளவர்கள்தான், நேரம்தான் இல்லை. நேரமில்லாத இடத்தில் மொழி இன்னும் நசுங்கும்.

நம் ஆட்கள் வலியை ஒரே சொல்லில் சொல்வதில்லை. கடுக்குது, குத்துது, எரியுது, இழுக்குது, மதமதங்குது, விறுவிறுங்குது. எரியுது, விறுவிறுங்குது என்றால் நரம்பை யோசிக்கலாம். குதிகால் கடுக்குது என்றால் புண்ணின் ஆரம்பமாக இருக்கலாம். டிக்கட்டில் ஏறும்போது எல்லாம் "ரிதெனவா" (சிங்களத்தில் "வலிக்குது") ஆகி, பரசிட்டமோல் இரண்டு என்று முடியும். ஆகவே கட்டில் தலைமாட்டில் தடித்த அட்டை ஒன்று தொங்கவிடுங்கள். உடம்புப் படம், ஆறு வலிச் சொல், அவற்றுக்குச் சிங்கள எழுத்தில் விளக்கம். கீழே தண்ணீர், ஒண்ணுக்கு, வெளிக்கு, குளிர், மூச்சு, பசி என்று படத்தோடு. மிஸ்ஸிக்குத் தமிழ்ச் சொல் சிங்கள எழுத்தில், நோயாளிக்கு "வத்துர" (தண்ணீர்), "சீத்தலய்" (குளிர்) என்ற சிங்களச் சொல் தமிழ் எழுத்தில். எழுத வாசிக்கத் தெரியாதவர் விரலை வைத்துக் காட்டுவார்.

பேசவே முடியாதவர்களுக்கு மூச்சு விடும் விதம், முனகல், முகம், உடம்பு இறுக்கம், சமாதானப்படுத்தினால் அடங்குகிறாரா என்று ஐந்தையும் பார்த்துப் 10க்குப் புள்ளி போடும் முறை இருக்கிறது. சில நிமிட வேலை, மொழி தேவையில்லை. புரட்டும்போது பார்த்தால் தனி நேரமும் வேண்டாம்.

குடும்பத்தார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பகல் 12 மணிப் பார்வை நேரம் தோட்டத்தில் வேலை செய்பவருக்குப் பிரயோசனமில்லை. வந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போகும். மாலையில் மலையிலிருந்து இறங்கி வந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். அந்தந்தப் பக்கத்து பஸ் நேரத்தைப் பார்த்து மாலைப் பார்வையை அரை மணித்தியாலம் நீட்டச் சொல்லுங்கள். அந்த நேரம் ஒரு அட்டெண்டன்தான் இருப்பார், இரவுச் சாப்பாடும் அப்போதுதான் வரும்.

அவர்கள் செய்யக்கூடியது: வாயால் சாப்பிடுபவருக்கு ஊட்டுவது, வாய் கழுவிவிடுவது, நகம் வெட்டுவது, தண்ணீர்க் கோப்பையைச் சுகமான கைப் பக்கம் வைப்பது, பக்கத்தில் இருந்து கதைப்பது. ஊட்டுவதற்கு முன் மிஸ்ஸி ஒருமுறை காட்டிக் கொடுக்கணும். நேராக நிமிர்த்தி, சிறு கரண்டியில், விழுங்கியது தெரிந்த பிறகு அடுத்த வாய். முடிந்து அரை மணித்தியாலம் படுக்கப் போடக் கூடாது. பிளேன்டீ போன்ற தண்ணிச் சாமான்தான் வாதக்காரருக்கு ஆகச் சுலபமாகப் புரையேறும், ரொட்டியை ஊறவைத்துக் கொடுத்தால் சரி என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது.

கையே வைக்கக் கூடாதது: மூக்கு டியூப், சேலைன், வீட்டிலிருந்து கொண்டுவந்த குளிசை, தனி ஆளாகத் தூக்குவது.

---

வெள்ளைக்காலணி:

கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னதில் ஒரு ஆபத்து இருக்கு. "தாதி போதும், அட்டெண்டன்தான் குறைவு" என்று கடிதத்தில் வாசிக்கப்பட்டால் அடுத்த இடமாற்றத்தில் ஒரு மிஸ்ஸியைத் தூக்கிவிடுவாங்க. தாதியும் உதவியாளரும் ஒருவருக்கு ஒருவர் பதில் ஆகமாட்டாங்க. 2014ல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் சத்திரசிகிச்சை நோயாளிகளைப் பார்த்த ஆய்வில், தாதி ஒருவருக்கு ஒரு நோயாளி கூடினால் 30 நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. அது நீண்டகால வார்ட் இல்லைதான். ஆனால் காரணம் இங்கேயும் அதே: யாராவது நேரத்தோடு கவனிக்கணும்.

வயதானவருக்குக் கிருமி ஏறினால் காய்ச்சல் வராமலே போகலாம். நேற்றுச் சாப்பிட்டவர் இன்று பாதியில் நிறுத்துவார், பேச்சு குழறும், பகலில் தூங்குவார். அதை முதலில் பார்ப்பது சோற்றுத் தட்டை எடுக்கிற அட்டெண்டன். அது என்ன என்று தெரிவது மிஸ்ஸிக்கு. இருவருக்கும் நடுவில் பாலம் வேண்டும். ஒவ்வொரு கடமை மாற்றத்திலும் அட்டெண்டன் ஐந்து விஷயம் சொல்லணும்: யார் பாதிக்குக் குறைவாய்ச் சாப்பிட்டது, யார் குடிக்கவில்லை, யாருக்குச் சிறுநீர் குறைவு அல்லது கலங்கல், யார் பேச்சில் மாற்றம், யார் தோலில் புதுசா ஏதும். மூன்று நிமிடம். சொன்னதற்கு "சரி சரி" என்று தட்டிவிட்டால் இரண்டாம் நாள் சொல்லமாட்டாங்க.

டியூப் சாப்பாட்டுக்கு 15 நிமிடம் என்று போட்டது சரி, அதைக் குறைக்க விடாதீங்க. கட்டில் தலைப்பக்கம் குறைந்தது 30 பாகை, டியூப்பின் அடையாளம் மூக்கில் அதே அளவில் இருக்கா என்று பார்ப்பது, உறிஞ்சிய நீரைப் பிஎச் தாளில் வைத்து 5.5 அல்லது அதற்குக் கீழே என்று உறுதி செய்வது, பிறகு மெதுவாக இறங்க விடுவது, கடைசியில் தண்ணீர் 30 மில்லி. அவசரத்தில் சிரிஞ்சால் தள்ளினால் வாந்தி, நெஞ்சுச் சளி. சிறுநீர்ப் பை தரையில் படாமல், சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்கணும். புரட்டும்போது பையைக் கட்டில் மேலே போட்டுவிட்டு மறப்பது இரவில் ஆள் குறைந்த வார்ட்டில் வழக்கம்.

கடிதத்தில் "தாதி எண்ணிக்கை குறைக்கப்படாமல், மேலதிகமாக" என்ற வார்த்தை கட்டாயம் இருக்கட்டும்.

---

கணக்குப்பிள்ளை:

வெள்ளைக்காலணி மிஸ் சொன்னது நியாயம், என் பதிவில் அது விடுபட்டுப் போச்சு.

@மேட்டுலயம், அனுப்பும் முன் ஏழு இரவு அளந்துகொள்ளுங்க. டிக்கட்டில் எழுதச் சொன்னால் உண்மை வராது, யாரும் தன் கையெழுத்தில் "செய்யவில்லை" என்று எழுதமாட்டார். சிஸ்டரின் சம்மதத்தோடு பெயர் போடாத தாள் ஒன்று: மேலே ஆறு சுற்றின் நேரம், பக்கத்தில் கட்டில் இலக்கம், செய்தால் கோடு, செய்ய முடியாவிட்டால் வட்டம், காரணம் ஒரே எழுத்தில் (அ அவசர நோயாளி, வி விரிப்பு இல்லை, ஆ ஆள் இல்லை). இதை வைத்து யாரையும் விசாரிப்பதில்லை என்று முதலே சொல்லிவிடணும். ஏழு தாளையும் கூட்டினால் 420 கட்டம். எத்தனை வட்டம், அதில் எத்தனை "ஆ" என்பதைக் கடிதத்தின் முதல் பந்தியில் போடுங்க. "வி" அதிகமாக வந்தால் உலர்த்தும் இயந்திரக் கடிதம் முதலில் போகட்டும்.

பிரதேச வைத்தியசாலை மாகாண சபைக்குக் கீழே வருவதால் ஒரு பிரதி மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் போகணும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் குழுவின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி வைங்க. அடுத்த கூட்டத்தில் "கடிதம் வரவே இல்லையே" என்பார்கள்.